அடியில் சுற்றும் தங்கூஸ்

"அடியில கெடக்கறது தண்ணியவே பாக்கப் போறதில்லைங்க, அதுக்கு எதுக்குக் காசு?" சாமளாபுரம் குளத்தங்கரையில் ரீல் வைத்துத் தூண்டில் போடுகிறவர்களிடம் இப்போது அதிகம் கேட்கிற வாதம் இது. தூண்டில் சாமான் விற்கும் கடையிலும் இதே பேச்சுதான். விலை உயர்ந்த பிரெய்டு வாங்கினால், அதற்கு அடியில் சுற்றிக்கொள்ள மட்டமான தங்கூஸ் ஓர் உருளையைச் சும்மாவே எடுத்து நீட்டுகிறார்கள். வீட்டில் பழைய தங்கூஸ் கிடந்தால் அதைச் சுற்றுகிறவர்கள் உண்டு. பனியன் கம்பெனியில் மிஞ்சிய தையல் நூலைச் சுற்றுகிறவர்களும் உண்டு. இப்படிச் செய்வது கெட்டிக்காரத்தனம் என்றே பெயர் வாங்கிவிட்டது. தவறு என்று பல வருடமாகச் சொல்லிவருகிறேன்.

அடிநூலே வேண்டாம் என்பதல்ல என் கட்சி. பிரெய்டு வழுவழுப்பான பாலிஎத்திலீன் இழை. அது நீளாது, அலுமினிய ஸ்பூலைப் பிடிக்கவும் பிடிக்காது. நேரே கட்டிச் சுற்றினால், நூல் வெளியேறுவதைத் தடுக்கும் டிராக்கை எவ்வளவு இறுக்கினாலும் மொத்தச் சுருளும் ஸ்பூலின் மேல் வழுக்கிச் சுழலும். தங்கூஸ் நைலான், கொஞ்சம் நீண்டு கொடுத்து ஸ்பூலைக் கவ்விக்கொள்ளும். காசுக் கணக்கும் நியாயம்தான். நூல் அடைக்கும் இடம் அதன் விட்டத்தின் வர்க்கப்படி கூடும் என்பதால், 0.30 மி.மீ. தங்கூஸ் 100 மீட்டர் அடைக்கிற இடத்தை 0.18 மி.மீ. பிரெய்டால் நிரப்ப ஏறக்குறைய 278 மீட்டர் வேண்டும். ஸ்பூல் விளிம்பு வரை நிரம்பாவிட்டால் வீச்சும் குறையும். ஆகவே அடிநூல் இருக்கட்டும். அது மட்டமானதாக இருக்கலாமா என்பதுதான் கேள்வி.

சில்லறைக் குறைகளைச் சீக்கிரம் சொல்லிவிடலாம். உறையில் 0.30 என்று போட்டிருக்கும் மட்டச் சரக்கு உண்மையில் 0.35 இருந்தால், பிடிக்கும் இடம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடிவிடும். மேலே பிரெய்டு விளிம்பைத் தாண்டி வழிந்து சிக்கலாகும். அடிச்சுற்று தளர்ந்திருந்தால் இழுவையில் பிரெய்டு உள்ளே வெட்டி இறங்கும். சைசிங்கில் அடி தளர்ந்து வந்த பீமைத் தறியில் ஏற்றிப் பார்த்தவர்கள் நிறைந்த ஊரில் இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. இந்தத் தொல்லையெல்லாம் சுற்றியவரோடு போய்விடும். அதற்காக யாரும் கட்டுரை எழுத வேண்டியதில்லை.

என் ஆட்சேபம், நூல் எந்த இடத்தில் அறுகிறது என்பதைப் பற்றியது. ஸ்பூலிலிருந்து முள் வரை உள்ள நீளத்தில் ஏதாவது ஓர் இடம் மற்றவற்றைவிட வலுக் குறைந்ததாகத்தான் இருக்கும். அந்த இடம் முள்ளுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். பிரெய்டின் நுனியில் முள்ளுக்கு முன்னால் கட்டும் லீடர் அறுந்தால் ஒரு முழமோ இரண்டு முழமோ போகும். அடிநூல் அறுந்தால் அதற்கு மேலே இருக்கிற பிரெய்டு முழுவதும் குளத்தோடு போகும். 12 பவுண்டு லீடரும் 20 பவுண்டு பிரெய்டும் பார்த்துப் பார்த்து வாங்குகிறோம். இரண்டையும் வலு என்னவென்றே தெரியாத ஓர் இழையில் முடிந்துவிடுகிறோம்.

அடிநூல் என்ற ஏற்பாடு முதலில் இடம் அடைப்பதற்காக வந்ததல்ல. நீலகிரியில் அவலாஞ்சிப் பக்கத்து ஓடைகளில் ட்ரவுட் மீனுக்குப் போட்ட ஃபிளை தூண்டிலைப் பாருங்கள். வீசுகிற நூல் சுமார் 30 மீட்டர்தான். மீன் அதையும் இழுத்துக்கொண்டு ஓடினால் பின்னால் தாங்குவதற்கே அடிநூல். இன்றைக்கும் அந்த முறையில் 20 அல்லது 30 பவுண்டு டேக்ரான்தான் அடியில் சுற்றுவது வழக்கம். முள் பக்கத்து இழை அதில் கால் பங்குகூட இருக்காது. வலு அடியிலிருந்து முள்ளை நோக்கிக் குறைந்துகொண்டே போகும். நாம் அதைத் தலைகீழாக்கிவிட்டோம்.

"நம்ம கொளத்துல அவ்வளவு தூரம் ஓடற மீனு எங்கீங்க இருக்குது?" என்று பதில் வரும். பிரெய்டில் சிக்கனம் பிடிக்கிறவர் 60, 70 மீட்டரோடு நிறுத்திக்கொள்கிறார். வீச்சிலேயே 40 மீட்டர் வெளியே போய்விடுகிறது. மிச்சத்தை ஓடி முடிக்க நல்ல கட்லாவுக்கு அதிக நேரம் ஆகாது. இதுவும் புது நூலின் கணக்குதான். ஆகாயத்தாமரை வேரிலும் சீமைக்கருவேல முள்ளிலும் சிக்கிச் சிக்கி, பிய்ந்துபோன நுனியை நறுக்கி நறுக்கி, பிரெய்டு மாதத்துக்கு மாதம் குட்டையாகிக்கொண்டே வரும். போன வருடம் சுருளின் ஆழத்தில் கிடந்த, பிரெய்டையும் தங்கூஸையும் சேர்க்கும் முடிச்சு இந்த வருடம் ஒவ்வொரு வீச்சிலும் வளையத்தில் தட்டிக்கொண்டு வெளியே போகிறது. அப்போதும் அடியில் கிடக்கும் தங்கூஸை யாரும் மாற்றுவதில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. டிராக்கைத் தொடாமலே விட்டாலும், நூல் வெளியேற வெளியேறச் சுருளின் ஆரம் குறையும். மீன் இழுக்க வேண்டிய விசை அதற்கேற்பக் கூடும். ஆரம் முக்கால் பங்காகச் சுருங்கினால் இழுவை மூன்றில் ஒரு பங்கு ஏறிவிடும். அதாவது அடிநூல் வெளியே வருகிற நேரம்தான் இழுவை உச்சத்தில் இருக்கும் நேரம்.

அடிநூல் தண்ணீரைப் பார்க்காது என்பதும் பொய். ஒரு பழைய ஸ்பூலைப் பிரித்துப் பாருங்கள். பின்னல் இழையான பிரெய்டு ஒவ்வொரு முறையும் தன் இடுக்குகளில் தண்ணீரை ஏந்திக்கொண்டு உள்ளே வருகிறது. அடித் தங்கூஸ் வெளுத்து, மெருகு போய், பிரித்த பிறகும் ஸ்பிரிங் போலச் சுருண்டே நிற்கிறது. முடிச்சுக்கு ஓர் அங்குலம் இந்தப் பக்கம் நகத்தை ஓட்டினால் ஒரு வெட்டுத் தடம் தட்டுப்படும். மெல்லிய, கடினமான பிரெய்டு மெத்தென்ற நைலானில் அழுந்திக் கிடந்த இடம் அது. நைலான் நீரை உறிஞ்சும் இழை. ஈரத்தில் வலு குறைவது அதன் இயல்பு. கையில் சுற்றி ஒரு வெடுக்கென்று இழுத்தால் அந்தத் தடத்திலேயே அறுகிறது.

அறுந்து போன நூல் எங்கே போகிறது? பிரெய்டின் அடர்த்தி சுமார் 0.97, தண்ணீரைவிட லேசு. அது அடியில் போய்ப் படியாது. மேல்மட்டத்திலேயே மிதந்து, கோரையிலும் கருவேலங்கிளையிலும் சுற்றிக்கொண்டு, மட்காமல் கிடக்கும். நீர்க்காகமும் முக்குளிப்பானும் நாமக்கோழியும் நீந்துகிற இடம் அதுதான். காலிலோ இறக்கையிலோ ஒரு சுற்று விழுந்தால், இழுக்க இழுக்க இறுகுமே தவிர அறாது. அறாமல் இருப்பதற்காகத்தானே அவ்வளவு விலை கொடுத்து வாங்கினோம்? முள்ளோடு ஓடிய மீனும் அந்த நீளத்தை இழுத்துக்கொண்டு எங்காவது வேரில் கட்டுண்டு சாகும். பறவைகளுக்கும் ஆபத்து என்றுதான் காற்றாடிக்கு நைலான் மாஞ்சா கட்டுவதைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2017-ல் நாடு முழுவதும் தடை செய்தது. சாமளாபுரம் இருக்கும் இதே மாவட்டத்தின் நஞ்சராயன் குளம் பறவைகளுக்காகவே 2024-ல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. நொய்யல் ஆற்றைச் சாயக்கழிவு கெடுத்ததைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிற நாமே அதன் குளத்தில் அறாத நூலை விட்டுவிட்டு, மிச்சம் பிடித்தோம் என்கிறோம். இலவச உருளையை நீட்டுகிற கடைக்காரரையும், அதைத் தம்பிமார்களுக்குப் பாடமாகச் சொல்லிக்கொடுக்கிற அண்ணன்மார்களையும் இந்த விஷயத்தில் என்னால் மன்னிக்க முடியவில்லை.

செலவு செய்ய மனமில்லாதவருக்கும் வழி இருக்கிறது. ஸ்பூலில் ஒரு சுற்றுத் துணி டேப் ஒட்டினால் வழுக்கல் நின்றுவிடும். நுனி பிய்ந்த பழைய பிரெய்டைத் திருப்பிச் சுற்றினால், அவ்வளவாக உழைக்காத பாதி மேலே வரும், உழைத்த பாதி அடியை நிரப்பும். தங்கூஸ்தான் வேண்டுமென்றால், முடிச்சுப் போட்டு நனைத்து இழுத்த பிறகும் லீடரைவிட வலுவாக நிற்கிற தங்கூஸாகப் பார்த்து வாங்கி, ஈரத்துணியில் பிடித்து இறுக்கிச் சுற்றி, வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். கடையில் சும்மா தருகிற உருளையை அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள்.