எளிய இரவுணவு: எழுவாய் இல்லாத வாக்கியம்

கவிதையை, நாவலை, தன்வரலாற்றைப் பெண்ணிய நோக்கில் வாசிக்க நாம் பழகியிருக்கிறோம். பெண்கள் நாள்தோறும் படித்து, நம்பி, அப்படியே செய்தும் பார்க்கிற உரைநடை ஒன்று உண்டு. அது சமையல் குறிப்பு. அதை மட்டும் ஏனோ பிரதியாக மதித்து வாசிப்பதில்லை. அமெரிக்க வீடுகளுக்காக எழுதப்பட்ட ஒரு குறிப்பை அப்படி வாசித்துப் பார்க்க விரும்புகிறேன். பண்டத்தின் பெயர் பர்கர் டாக்கோ. 2023 வாக்கில் குறுங்காணொளிகள் வழியே பரவி, பிறகு அமெரிக்கக் குடும்பச் சமையல் பக்கங்களில் நிலைத்துவிட்ட உணவு. எங்கே பார்த்தாலும் அதனோடு ஓர் அடைமொழி ஒட்டிக்கொண்டே வருகிறது: குடும்பத்துக்கான எளிய இரவுணவு.

செய்முறை இதுதான். மாட்டுக் கொத்துக்கறியை எலுமிச்சை அளவைவிடச் சற்றுப் பெரிய உருண்டையாகப் பிடிக்க வேண்டும். சிறிய கோதுமை டார்ட்டியா ஒன்றின்மேல் வைத்து, ஓரம்வரை மெல்லிதாகப் பரப்பி அழுத்த வேண்டும். நன்றாகச் சூடேறிய இரும்புக் கல்லில் கறிப்பக்கம் கீழே படும்படி போட்டால் இரண்டு மூன்று நிமிடங்களில் கறி முறுகிவிடும். திருப்பிப் போட்டு, சீஸ் வில்லை ஒன்றை வைத்து அது உருகும்வரை விட்டால் அடியில் டார்ட்டியா மொறுமொறுப்பாகிவிடும். மேலே நறுக்கிய லெட்டூஸ், வெங்காயம், காடியில் ஊறிய வெள்ளரித் துண்டுகள். மயோனைசும் கெட்சப்பும் கடுகு விழுதும் கலந்த சாஸ். இரண்டாக மடித்தால் முடிந்தது. பர்கரின் ருசி, டாக்கோவின் வடிவம். உண்மையிலேயே நல்ல யோசனை. பர்கர் பன்னின் கனம் இல்லை, உதிர்வதில்லை, குழந்தையின் கைக்கும் அடங்குகிறது.

என் கேள்வி பண்டத்தைப் பற்றியதல்ல, 'எளிது' என்ற சொல்லைப் பற்றியது. தமிழ் இலக்கணப்படி 'எளிது' ஒன்றன்பால் சொல். அது பொருளைக் குறிக்கும், ஆளைக் குறிக்காது. பெண்பாலில் 'எளியள்' என்று மாற்றிப் பாருங்கள், பொருளே மாறிவிடும். பண்டம் எளிதென்றால் பாராட்டு. பெண் எளியள் என்றால் அவள் வறியவள், வலிமையற்றவள். ஆக, சமையல் குறிப்பு 'எளிது' என்னும்போது சமைப்பவளைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. அடுப்பில் கல் இருக்கும் நிமிடங்களை மட்டுமே எண்ணிச் சொல்கிறது.

கறி தீர்ந்துவிட்டது என்பதை நினைவில் வைத்திருப்பது அந்த நிமிடங்களில் சேராது. ஒருவனுக்கு வெங்காயம் பிடிக்காது, இன்னொருத்திக்குச் சீஸ் ஒத்துக்கொள்ளாது, நேற்றும் கோழிதான் சாப்பிட்டோம், லெட்டூஸ் நாளைக்கு வாடிவிடும் என்றெல்லாம் கணக்குப் போடுவதும் சேராது. எண்ணெய் தெறித்த அடுப்பைத் துடைப்பதும் சேராது. மார்ஜரி டெவால்ட் 1991இல் வெளியிட்ட 'ஃபீடிங் த ஃபேமிலி' என்னும் நூல் இந்தக் கணக்கில் வராத வேலையைத்தான் ஆராய்ந்தது. சிகாகோ பகுதிக் குடும்பங்களில் அவர் நேர்காணல்கள் நடத்தினார். திட்டமிடுவது, ஒவ்வொருவர் விருப்பையும் ஈடுகட்டுவது, எல்லாரையும் ஒரு மேசைக்குக் கொண்டுவருவது ஆகிய இவையெல்லாம் உழைப்பே என்பதும், அந்த உழைப்புக்குப் பெரும்பாலும் பெயரே இல்லை என்பதும் அதில் விரிவாக வருகின்றன. செய்கிற பெண்களே அதை வேலை என்று அழைக்கத் தயங்கினார்கள். பெயரில்லாத வேலையை நிமிடத்தில் அளப்பது எப்படி?

சமையல் குறிப்பின் வாக்கிய அமைப்பும் இதற்கு உடந்தை. 'நறுக்கவும்', 'வதக்கவும்', 'இறக்கவும்' என்று நம் குறிப்புகள் முடிகின்றன. ஆங்கிலக் குறிப்பும் வெறும் ஏவல் வினையில்தான் நடக்கிறது. எழுவாய் எங்கும் கிடையாது. முதுகலை வகுப்பில் தொடரியல் நடத்தும்போது ஒரு சமையல் குறிப்பைக் கொடுத்து, தோன்றா எழுவாயை எழுதச் சொல்வதுண்டு. இலக்கணம் கேட்கும் விடை 'நீ' அல்லது 'நீங்கள்'. மாணவிகள் பலரும் 'அம்மா' என்று எழுதித் தருகிறார்கள். இலக்கணப்படி அது தவறு. சமூகப்படி மிகச் சரி. எழுவாய் இல்லாத வாக்கியத்தில் யாரை உட்காரவைக்க வேண்டும் என்பது நமக்கு முன்பே தெரிந்திருக்கிறது.

இனி பர்கர் டாக்கோவின் பூர்வீகத்துக்கு வருகிறேன். பர்கரும் டாக்கோவும் அமெரிக்கத் துரித உணவாக உருமாறிய கதையில் இரண்டுக்கும் பொதுவான ஓர் ஊர் உண்டு: கலிஃபோர்னியாவின் சான் பெர்னார்டினோ. 1937இல் லூசியா ரோட்ரிகஸ் என்ற பெண் அங்கே மெக்சிகர்கள் வாழும் பகுதியில் மிட்லா கஃபே என்ற உணவகத்தைத் தொடங்கினார். பொரித்த டார்ட்டியாவுக்குள் கறியும் சீஸும் லெட்டூஸும் வைத்த டாக்கோ அங்கே பெயர் பெற்றது. எதிர்ப்புறத்தில் பர்கர் கடை வைத்திருந்த கிளென் பெல் அங்கே சாப்பிட வருவார். அந்த டாக்கோவின் செய்முறையை அவர் அங்கிருந்துதான் கற்றுக்கொண்டார் என்று குஸ்தாவோ அரெயானோ 'டாக்கோ யுஎஸ்ஏ' நூலில் பதிவு செய்கிறார். கிளென் பெல் 1962இல் டவுனி நகரில் திறந்த கடைதான் டாக்கோ பெல். அந்தப் பெயர் உலகமெங்கும் போயிற்று. லூசியாவின் பெயர் அந்த ஊர்த் தெருவோடு நின்றது.

அதே சான் பெர்னார்டினோவில்தான் மெக்டொனால்டு சகோதரர்கள் 1940இல் கடை திறந்தார்கள். கார்களுக்கே சென்று உணவு கொடுக்க இளம்பெண்களை வேலைக்கு வைத்திருந்தார்கள். 1948இல் கடையைச் சில மாதம் மூடி, முறையை மாற்றி, பர்கரை 15 செண்டுக்கு விற்கத் தொடங்கியபோது அந்தப் பெண்கள் எல்லாரும் வேலையிழந்தார்கள். அவர்களைப் பார்க்க வாலிபர்கள் கூடுகிறார்கள், குடும்பங்கள் வரத் தயங்குகின்றன என்பது சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. பல ஆண்டுகள் அந்தக் கடைகளில் ஆண்களே வேலை பார்த்தார்கள். இதை மெதுவாக யோசித்துப் பாருங்கள். சம்பளத்துக்கு வேலை செய்த பெண்களை வெளியேற்றித்தான் அது 'குடும்ப' உணவகம் ஆனது. கல்லில் கறியை அழுத்தும் அதே செயல் கடையில் ஆணின் கூலி வேலை, வீட்டில் பெண்ணின் அன்பு.

அந்த நிறுவனமே 1971இல் ஒரு விளம்பர வாசகத்தைக் கொண்டுவந்தது. இன்று உங்களுக்கு ஓய்வு தேவை, அதற்கு நீங்கள் உரியவர் என்பது அதன் சாரம். சமையலறையிலிருந்து ஒரு வேளை விடுப்பு: துரித உணவு பெண்ணுக்கு விற்ற பொருள் உண்மையில் இதுதான். அது வணிகத் தந்திரம்தான், உடலுக்கு நல்லதுமில்லை. ஆனாலும் அந்த ஒரு வேளை அடுப்பு அணைந்திருந்தது. இப்போது பர்கர் டாக்கோ என்ன செய்கிறது? கடையில் வாங்குவதைவிட மலிவு, சுத்தம், ருசி என்று சொல்லி அந்தப் பர்கரை வீட்டுக்கு அழைத்துவருகிறது. பெண் சமைக்காமல் இருப்பதற்காகவே வாங்கப்பட்ட பண்டத்தை இப்போது அவளே சமைக்கிறாள். கொடுத்த விடுப்பு சத்தமில்லாமல் திரும்பப் பெறப்படுகிறது. அதுவும் 'எளிது' என்ற சொல்லால் பெறப்படுவதால் அவளால் மறுக்கவும் முடிவதில்லை. எளிய வேலையை முடியாது என்பவள் சோம்பேறி ஆகிவிடுவாளே.

இது புதிதல்ல. ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் 1983இல் எழுதிய 'மோர் வொர்க் ஃபார் மதர்' இந்தப் புதிரைத்தான் ஆராய்ந்தது. அடுப்பும் சலவை இயந்திரமும் மாறியபின்னும் அமெரிக்க இல்லத்தரசியின் வேலை ஏன் குறையவில்லை? விறகு வெட்டுவது போன்ற ஆண்களின் வேலைகளும் பிள்ளைகளின் வேலைகளும்தான் முதலில் மறைந்தன. பெண்ணிடம் எதிர்பார்க்கப்படும் தரமோ உயர்ந்துகொண்டே போயிற்று. ஒவ்வொரு எளிமையும் புதிய எதிர்பார்ப்பொன்றைக் கூட்டிக்கொண்டு வந்தது.

அப்படியானால் எளிமையே எதிரியா? இங்கே நாம் கவனமாக இருக்க வேண்டும். பாரம்பரியத்தின் பெயரால் குறுக்குவழிகளைப் பழிப்பவர்கள் பலரும் அம்மியில் அரைத்தவர்கள் அல்லர், அரைத்ததைச் சாப்பிட்டவர்கள். டார்ட்டியாவின் வரலாறே இதற்குச் சான்று. பர்கர் டாக்கோவில் வருவது வடக்கு மெக்சிகோவின் கோதுமை டார்ட்டியா. பழையது மக்காச்சோள டார்ட்டியா. மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து ஊறவைத்து, மெட்டாட்டே என்னும் கல்லின்முன் மண்டியிட்டு அரைக்க வேண்டும். மெக்சிகோவின் கிராமத்துப் பெண்கள் விடியுமுன் எழுந்து இதற்கே நாளின் பல மணி நேரத்தைக் கொடுத்தார்கள். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் மாவு ஆலைகள் ஊர் ஊராக வந்தபோது சில இடங்களில் ஆண்கள் எதிர்த்தார்கள். ருசி போய்விடும், பெண்கள் வெளியே கூடிப் பேசுவார்கள் என்றார்கள். பெண்கள் ஆலைக்குப் போனார்கள். ருசி குறைந்ததா என்பதல்ல, முழங்காலுக்கு ஓய்வு கிடைத்ததா என்பதே அவர்களுடைய அளவுகோல். 1930களில் பெண்கள் அமைப்புகள் அரசிடம் ஆலை கேட்டுப் போராடிய வரலாறும் உண்டு. ஆட்டுக்கல்லிலிருந்து கிரைண்டருக்கு வந்த நமக்கு இது புரியாததல்ல.

அமெரிக்காவில் பெக் பிராக்கன் 1960இல் 'தி ஐ ஹேட் டு குக் புக்' என்று தலைப்பிலேயே சமையலை வெறுப்பதாகச் சொல்லி ஒரு சமையல் நூல் எழுதினார். ஆண் பதிப்பாசிரியர்கள் பலர் மறுத்தபின் ஒரு பெண் பதிப்பாசிரியர் ஏற்றுக்கொண்டார். நூல் முப்பது லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. பெட்டி ஃப்ரீடனின் புகழ்பெற்ற நூல் வருவதற்கு மூன்றாண்டு முந்தியே வந்த குரல் அது. பிராக்கனின் 'எளிது'க்கும் இன்றைய குடும்ப இரவுணவின் 'எளிது'க்கும் உள்ள வேறுபாடு முக்கியமானது. எனக்கு இது பிடிக்கவில்லை, சீக்கிரம் முடித்துவிட்டு வெளியே போகிறேன் என்கிறது முதலாவது. இது எனக்குப் பாரமே இல்லை, நீங்கள் மகிழ்ந்தால் போதும் என்கிறது இரண்டாவது. முதலாவதில் எழுவாய் இருக்கிறது.

இந்தக் குறிப்புகள் முடியும் விதத்தைக் கவனியுங்கள். கணவர் இன்னொன்று கேட்டார், எதையும் தொடாத பிள்ளை தட்டைக் காலி செய்தான் என்று உண்டவர்களின் தீர்ப்போடு முடிகின்றன. தமிழ் மாணவிக்கு இந்த முடிவு பழக்கமானது. குறுந்தொகை 167இல் கூடலூர் கிழார் காட்டும் இளம் மனைவி தயிரைப் பிசைந்த விரலைக் கழுவாமல் உடையில் துடைக்கிறாள். தாளிப்பின் புகை கண்ணில் படிகிறது. தானே சமைத்த புளிக்குழம்பைக் கணவன் நன்றென்று உண்ண, அவள் முகம் மெல்ல மலர்கிறது. மகளின் இல்லறத்தைக் கண்டுவந்த செவிலி, பெற்ற தாயிடம் சொல்வதாக அமைந்த பாட்டு. அதன் முடிவும் உண்பவனின் பாராட்டுதான். ஆனால் அந்தக் கவிதை ஒன்றை மறைக்கவில்லை. விரலும் கறைபட்ட துணியும் புகையேறிய கண்ணும் அங்கே இருக்கின்றன. சமைப்பது கஷ்டம் என்பதை அது பார்த்திருக்கிறது. பார்த்தவளும் ஒரு பெண். இன்றைய குறிப்பில் அடுப்பு பளபளக்கிறது, விரலில் பிசுபிசுப்பே இல்லை. பாராட்டு மட்டும் மிஞ்சியிருக்கிறது. இத்தனை நூற்றாண்டுகள் கழித்து நாம் இழந்திருப்பது அந்தப் புகையை அல்ல, அதைப் பார்த்துச் சொல்லும் கண்ணை.

பர்கர் டாக்கோவின் வடிவத்திலேயே வேறொரு வாய்ப்பு இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். அது ஒரு பானையில் வைத்து ஒருத்தி பரிமாறும் உணவு அல்ல. ஒவ்வொன்றும் தனித்தனி, ஒவ்வொன்றுக்கும் மூன்று நான்கு நிமிடங்கள். பத்து வயதுப் பிள்ளை உருண்டை பிடிக்கலாம். வெங்காயம் வேண்டாதவன் வெங்காயத்தை விட்டுவிடலாம். கணவனுக்குக் கல்லில் தோசைத்திருப்பி பிடிக்கத் தெரியாதென்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. பண்டம் பலர் கையைக் கேட்கிறது. குறிப்புதான் அதை ஒருத்தி கையில் கொடுக்கிறது. நான்கு பேருக்கு எட்டு டாக்கோ என்று எழுதும் அதே வரியில், நான்கு பேரும் ஆளுக்கு இரண்டு சுட்டுக்கொள்ளவும் என்று எழுத ஓர் அச்சு வரிகூடக் கூடுதலாகத் தேவையில்லை.

அடுத்த முறை 'எளிய இரவுணவு' என்று எங்கேனும் படித்தால், என் மாணவிகள் வகுப்பில் செய்வதுபோல ஒவ்வொரு வினைமுற்றுக்கும் எழுவாயை எழுதிப் பாருங்கள். வாங்கியவர் யார், நினைவில் வைத்திருந்தவர் யார், அழுத்தியவர் யார், கழுவியவர் யார். எல்லா வரியிலும் ஒரே பெயர் வந்தால் அந்த உணவு எளிதல்ல. ஒருத்தியின் மாலைப்பொழுது முழுவதும் அதற்குப் போயிருக்கிறது. அந்த மாலையில் அவள் படித்திருக்கலாம், எழுதியிருக்கலாம், ஒன்றும் செய்யாமல் சும்மா உட்கார்ந்திருக்கலாம்.