கரன்ட் போன நேரத்துக் கவிதைகள்

2022 மார்ச் இறுதியில் நாட்டில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலம்வரை போனது. எண்ணெய் வாங்க டொலர் இல்லை; நீர்த்தேக்கங்களும் வற்றிக் கிடந்தன. அடுத்த சில நாட்களில் நோன்பும் பிறந்தது. கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர்ப் பக்கம் அக்காலத்தில் எழுதப்பட்ட கவிதைகளுக்குக் கணக்கில்லை. நானும் ஒன்று எழுதினேன். அதில் இருள் வந்தது, குப்பி விளக்கு வந்தது, ஆட்சியாளர்மீது ஒரு சாபமும் வந்தது. இப்போது எடுத்து வாசித்தால் கூச்சமாயிருக்கிறது. கரன்ட் போனதைப் பாடிய நான், அது எங்கிருந்து வந்தது என்று கேட்கவேயில்லை.

இது நமது எழுத்தின் பொதுக்குறை என்பேன். மின்சாரம் நமக்கு வெளிச்சத்தின் படிமம் மாத்திரமே. அதற்கு ஊருமில்லை, விலாசமுமில்லை.

இங்கினியாகலையை எடுத்துக்கொள்வோம். 1949இல் வேலை தொடங்கிய கல்லோயாத் திட்டத்தையும் அதன் குடியேற்றங்கள் கிளப்பிய காணிப் பிரச்சினையையும் நாம் நிறையவே பேசியிருக்கிறோம், பேசத்தான் வேண்டும். ஆனால் அந்த அணையின் அடியில் 11 மெகாவாட் மின்நிலையம் ஒன்று இருப்பதை நம்மவர் கதையெதிலும் நான் கண்டதில்லை. வயலுக்கு நீர் திறக்கும்போதுதான் பெரும்பாலும் அது சுழலும். சம்மாந்துறை வட்டைக்கு இறங்கும் தண்ணீர், வழியிலே மின்சாரத்தையும் கொடுத்துவிட்டு வருகிறது. போடியாரையும் வட்டைவிதானையையும் வகைவகையாய் எழுதிய நமக்கு இந்த ஒரு காட்சி எட்டவில்லை.

மற்ற விலாசம் நுரைச்சோலை. 2011இல் முதலாம் அலகும் 2014இல் மூன்றாம் அலகும் இயங்கத் தொடங்கிய 900 மெகாவாட் நிலக்கரி நிலையம். அதன் தூசியும் சாம்பலும் தம் தோட்டங்களிலும் வீடுகளிலும் படிவதாக அயலிலுள்ளோர் பல வருடங்களாக முறையிட்டு வருகின்றனர். 1990இல் வடக்கிலிருந்து விரட்டப்பட்ட முஸ்லிம்கள் பெருந்தொகையாகத் தஞ்சமடைந்த மாவட்டம் அது. அந்த வெளியேற்றத்துக்குக் கண்ணீர்க் கவிதை எழுதிய கையால்தான் நாம் இங்கே சுவிட்சைத் தட்டுகிறோம்.

தொழில்நுட்பம் வந்தால் பாவனை குறையும் என்பர். எல்இடி பல்பு என் வீட்டு பில்லைக் குறைத்தது மெய்தான். குறைந்ததை ஏசி தின்றுவிட்டது, கொஞ்சம் கூடுதலாகவே. கடற்காற்று வீசும் ஊரில் ஓட்டைக் கழற்றிக் கொங்கிறீட் தட்டுப் போட்டோம். பகலெல்லாம் சூட்டைக் குடித்து இரவில் கக்குவது தட்டின் குணம்.

தட்டுக்கு மேலே இப்போது சோலார் வந்திருக்கிறது. 2016இல் அரசு தொடங்கிய திட்டத்தின் பயன், குறை சொல்வதற்கில்லை. ஆயினும் 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், கூரைச் சோலார்களைப் பகலில் நிறுத்தி வைக்கும்படி மின்சார சபை கேட்டது. தொழிற்சாலைகள் மூடியிருந்ததால் பாவனை விழுந்து, பகல் மின்சாரம் மிஞ்சிப் போயிற்று. இரவுக்கென்று அதைச் சேர்த்து வைக்கப் போதிய பற்றரி நாட்டில் இல்லை. இரவு ஏசிக்கு மறுபடியும் நுரைச்சோலையின் தயவு வேண்டும். சூரியனை வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டதாகப் பூரிக்கும் நம் கவிஞர்கள் மஃரிபுக்குப் பிறகு என்ன நடக்கிறது என்பதையும் பார்க்கலாம்.

மகளுக்குக் கட்டிக்கொடுக்கவிருக்கும் வீட்டின் வரைபடம் சென்ற கிழமை கைக்கு வந்தது. உம்மாவின் பழைய வீட்டில் கடலைப் பார்த்து இரண்டு பெரிய ஜன்னல்கள் இருந்தன. வரைபடத்தில் அந்தப் பக்கச் சுவரில் ஏசிக்குழாய்க்கு ஒரு துவாரம் மட்டும் குறித்திருக்கிறது. நான் இன்னும் கையொப்பமிடவில்லை.