சொந்தப் படம், சோத்துப் படம்

ஜெயங்கொண்டம் பக்கத்து மாணவி ஒருவர், ஓவியக் கல்லூரியில் கடைசி வருஷம் படிப்பவர், தன் படங்களைக் கொண்டுவந்து காட்டினார். கையில் இரண்டு கோப்புகள். முதலாவதைத் தந்து, 'இது வேலைக்கு சார்' என்றார். இரண்டாவதைக் கொஞ்ச நேரம் மடியிலேயே வைத்திருந்துவிட்டு, 'இது சும்மா, எனக்காக வரைஞ்சது' என்று தயங்கித் தந்தார். இந்தக் கட்டுரை அந்த இரண்டு கோப்புகளுக்கும் நடுவில் ஓடும் கோட்டைப் பற்றியது. அந்தக் கோட்டை அவர் போடவில்லை. அவர் பென்சில் பிடிப்பதற்கு ரொம்ப காலம் முன்பே போட்டு வைத்திருக்கிறார்கள்.

முதல் கோப்பில் எல்லாம் கணினியில் செய்த படங்கள். வாளேந்திய மன்னன், யானைப் படை, பின்னணியில் கங்கைகொண்ட சோழபுரத்து விமானம். அனிமேஷன் கம்பெனிக்காரர்களும் கேம் செய்கிறவர்களும் இதைத்தான் பார்ப்பார்கள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். கைத்திறனில் குறை சொல்ல இடமில்லை. ஆனால் அந்த மன்னன் தரையில் நிற்கவில்லை. அவன் உடம்பில் எடையே இல்லை. எங்கேயோ பார்த்த உடம்பாக இருக்கிறதே என்று யோசித்தால், எல்லா இடத்திலும் பார்த்ததுதான். 1950களின் தொடக்கத்தில் கல்கி இதழில் பொன்னியின் செல்வன் தொடராக வந்தபோது மணியம் வரைந்த உடம்பு, காலண்டர், சினிமா, கட்-அவுட் என்று கைமாறிக் கைமாறி இங்கே வந்து சேர்ந்திருக்கிறது. படத்தின் பல அர்த்தங்களைப் பக்கத்தில் இருக்கும் எழுத்து நங்கூரம்போல் பிடித்து நிறுத்துகிறது என்று ரொலான் பார்த் 1964இல் எழுதினார். தமிழ் வாசகப் பரப்பில் பல சமயம் தலைகீழாக நடந்திருக்கிறது. இங்கே படம்தான் எழுத்துக்கு நங்கூரம் போட்டது. வந்தியத்தேவனை வாசித்தவர்களின் மனசில் நிற்பது மணியத்தின் வந்தியத்தேவன். கதைக்குப் படம் போடுவது இரண்டாம்தர வேலை என்று நினைப்பவர்கள் இந்த அதிகாரத்தைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

கங்கைகொண்ட சோழபுரம் இவர் ஊரிலிருந்து பஸ்ஸில் கால்மணி நேரம். அங்கிருந்து அணைக்கரைக்குப் போனால் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை. 1836இல் அந்த அணையைக் கட்டக் கோயிலின் சுற்றுமதிலைப் பெயர்த்துக் கல் கொண்டுபோனார்கள். தினமும் இந்த இரண்டையும் பார்க்கிற வாய்ப்புள்ள ஒருவர் வரைந்த கோயில், எந்தக் கல்லும் போகாத, யாரும் சுமக்காத கோயிலாக இருக்கிறது. பொற்காலப் பெருங்கதையாடல் கண்ணுக்கு முன்னால் இருப்பதை மறைக்கும் விதம் இப்படித்தான். இதற்கு அந்த மாணவியைக் குற்றம் சொல்ல முடியாது. சந்தை கேட்ட படம் அது.

இரண்டாவது கோப்பு வேறு. மையும் பென்சிலும். வீட்டுக் குழித்தறி, குழிக்குள் தொங்கும் அப்பாவின் கால்கள், பாவு நூலைத் தட்டிப் பார்க்கும் விரல்கள், முந்திரி உடைத்துக் கறுத்துப்போன அம்மாவின் கை. ஜெயங்கொண்டத்தைச் சுற்றிய ஊர்களில் பட்டு நெசவு வீட்டு வேலை, முந்திரியும் அப்படியே. இந்தப் படங்களில் எடை இருக்கிறது. மிதிகட்டையை அமுக்கும் பாதம் எவ்வளவு அழுத்தத்தோடு அமுக்குகிறது என்பது கோட்டின் தடிமனிலேயே தெரிகிறது. வேலை எப்படி நடக்கிறது என்பதை அறிந்த கை வரைந்த படம்.

ஆனால் இதிலும் ஒன்று விடுபட்டிருக்கிறது. தறிக்கு மேலே ஜக்கார்டு பெட்டியும், அதில் சுற்றும் துளையிட்ட அட்டைகளும் பத்துப் பன்னிரண்டு படங்களில் ஒன்றில்கூட இல்லை. கேட்டேன். 'அது மிஷின்தான சார், அதுல என்ன இருக்கு' என்றார். என் விமர்சனம் இந்த இடத்தில்தான். யாரோ ஒரு டிசைனர் கட்டம் போட்ட தாளில் ஒரு மாங்காயோ மயிலோ வரைகிறார். அது அட்டையில் துளையாகிறது. துளை இருக்கும் இடத்தில் கொக்கி மேலே ஏறுகிறது, இழை பிரிகிறது, நாடா ஓடுகிறது. அதாவது அந்த வீட்டுக்குள் ஏற்கெனவே ஒரு 'இல்லஸ்ட்ரேஷன்' இருக்கிறது. அதில் கையெழுத்துக் கிடையாது. அப்பாவின் காலும் கையும் அந்தப் படத்தின் உத்தரவுப்படிதான் நாள் பூராவும் அசைகின்றன. அப்பாவின் முகத்தை அன்போடு வரைந்த மகள், அப்பாவை இயக்கும் வரைபடத்தை வரையவில்லை. 'சொந்தப் படம்' என்றால் உணர்ச்சி, 'வேலைப் படம்' என்றால் டிசைன் என்ற பிரிவினை அவர் கண்ணுக்குள்ளேயே வேலை செய்திருக்கிறது.

இந்தப் பிரிவினை எங்கிருந்து வந்தது? சென்னையில் 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் தொடங்கிய கலைப் பள்ளி, கூடிய சீக்கிரமே தொழிற்கலைப் பள்ளியாகவும் ஆனது. இந்தியக் கைக்குத் தொழில், ஐரோப்பியக் கண்ணுக்குக் கலை என்பது அன்றைய காலனியப் பாகுபாடு. அதற்குச் சற்று முன்பு ராபர்ட் வைட் என்ற தாவரவியலாளர் 1838 முதல் 1853 வரை தென்னிந்தியத் தாவரங்களைப் பற்றி வெளியிட்ட தொகுதிகளில் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட படங்கள். அவற்றில் பெரும்பகுதி ரங்கையா, கோவிந்து என்ற இரண்டு ஓவியர்களின் கைவேலை. வைட் ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்குக் கோவிந்துவின் பெயரை வைத்து கௌரவித்தார். பிந்தைய தாவரவியல் அந்தப் பேரினத்தை ஏற்கெனவே இருந்த இன்னொன்றில் சேர்த்துவிட்டது. இன்று அந்தப் பெயர் ஒரு பழைய மாற்றுப்பெயராக மட்டும் கிடக்கிறது. படம் போட்டவருக்குக் கிடைத்த பெயரின் ஆயுசு இவ்வளவுதான்.

சுதந்திரத்துக்குப் பின் பாகுபாடு போய்விடவில்லை. சோழமண்டலத்தை எடுத்துக்கொள்வோம். கே.சி.எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் பாத்திக் துணியும் கைவினைப் பொருளும் செய்து விற்ற காசில் நிலம் வாங்கி, 1966இல் அந்தக் குடியிருப்பை உண்டாக்கினார்கள். பிழைப்புக்குக் கைவினை, உயிருக்கு ஓவியம் என்று நாளை இரண்டாக்கிக் கொண்டார்கள். அந்த ஏற்பாட்டை நான் மதிக்கிறேன். ஆனால் பின்னால் எழுதப்பட்ட கலை வரலாற்றில் ஓவியம் நிற்கிறது. சோறு போட்ட பாத்திக் அடிக்குறிப்பாகிவிட்டது.

இன்னொரு பாதையும் இருந்தது. ஆதிமூலம், வீர சந்தானம், ட்ராட்ஸ்கி மருது மூவரும் நெசவாளர் சேவை மையத்தில் வேலை பார்த்தவர்கள். அந்த மையங்கள் 1950களில் கைத்தறிக்கென்று அரசு உண்டாக்கியவை. ஓவியர்கள் அங்கே துணிக்கு டிசைன் செய்தார்கள். ஆதிமூலத்தின் கோடு காந்தி வரிசையிலும் இருக்கிறது, கி.ரா.வின் கரிசல் காட்டுக் கடுதாசியிலும் இருக்கிறது, நாம் கையில் வைத்துப் படித்த எத்தனையோ சிறுபத்திரிகைகளின் அட்டையிலும் இருக்கிறது. இதில் எது சொந்தம், எது சோறு? பிரித்துக் காட்ட என்னால் முடியவில்லை. மாதச் சம்பளம் ஒன்று பின்னால் இருந்தது என்பதை மட்டும் மறந்துவிடக் கூடாது. அந்தச் சம்பளம்தான் சிறுபத்திரிகைக்குச் சும்மா படம் போட்டுக் கொடுக்கும் தாராளத்தைத் தந்தது.

இன்று அந்த மாணவிக்கு முன்னால் இருப்பது என்ன? வாரப் பத்திரிகைகளில் கதைக்குப் படம் போடும் இடம் சுருங்கிவிட்டது. ஓவிய ஆசிரியர் வேலை என்று வீட்டில் சொல்கிறார்கள். 2012இல் தமிழக அரசு ஓவியம், உடற்கல்வி, தொழிற்கல்வி ஆகியவற்றுக்கு 16,549 பகுதிநேர ஆசிரியர்களை நியமித்தபோது மாதச் சம்பளம் 5,000 ரூபாய். அப்போது வேலைக்குச் சேர்ந்தவர்கள் நிரந்தரம் கேட்டு வருஷக்கணக்கில் தெருவில் நின்றார்கள். சிறுவர் புத்தகம் இருக்கிறது. சென்னையில் தாரா, தூலிகா போன்ற பதிப்பகங்கள் 1990களிலிருந்து படத்தை எழுத்துக்குச் சமமாக வைத்துப் புத்தகம் செய்கின்றன. அதில் நுழைவதற்குச் சொந்தமாக ஒரு பார்வை வேண்டும், அதைச் செய்துமுடிக்க நேரம் வேண்டும். அனிமேஷன் இருக்கிறது. இப்போது பத்து வார்த்தை தட்டினால் சோழ மன்னனை ஒரு நிமிஷத்தில் வரைந்து தரும் கணினியும் இருக்கிறது. ஒரு நேர்முகத்தில் இவரிடம் அதைத்தான் கேட்டார்களாம்: 'இத நீங்க வரையணுமா?' முதல் கோப்புக்கு இந்தக் கேள்வி பொருந்தும். எடையில்லாத அந்த உடம்பை இயந்திரம் இதைவிட வேகமாகச் செய்யும். குழித்தறிக் கால்களுக்கு அந்தக் கேள்வி பொருந்தாது.

அப்படியானால் இரண்டாவது கோப்பை வளர்த்தெடு என்று சொல்லிவிடலாமா? சுலபமாகச் சொல்லலாம். மாசம் பொறந்தா கடன் கட்டும் வீட்டில், சாயங்காலம் தார் சுற்ற உட்கார வேண்டிய பெண்ணிடம் 'உன் சுயத்தைத் தேடு' என்று சொல்வது மேட்டிமைப் பேச்சு. 'சொந்தப் பணி' என்ற சொல்லே, தனக்கென்று நேரம் வைத்திருப்பவர்களின் சொல்லாடலிலிருந்து வந்தது. அந்த நேரத்தின் விலையை யார் தருவது என்று கேட்காத கலை விமர்சனம் பாதி விமர்சனம்தான்.

சொந்தம் என்பதையும் வேறு மாதிரி யோசிக்க வேண்டியிருக்கிறது. யாழ்ப்பாணத்து ஓவியர் தா. சனாதனன் 2011இல் வெளியிட்ட புத்தகம் ஒன்று உண்டு. போரில் இடம்பெயர்ந்த தமிழர்களும் முஸ்லிம்களும் தாங்கள் விட்டுவந்த வீட்டின் தரைப்படத்தை நினைவிலிருந்து வரைந்து கொடுத்தார்கள். அதைக் கட்டடக்கலை வரைபடமாக ஆக்கி, பக்கத்தில் தன் ஓவியத்தையும் வைத்தார். முழுமை பெறாத தோம்பு என்பது தலைப்பின் பொருள். தோம்பு என்றால் நிலப் பதிவேடு. ஓவியரின் சொந்தப் பணிதான். ஆனால் முதல் கோடு மற்றவர்களுடையது. இதை நான் இவரிடம் சொன்னதற்குக் காரணம் உண்டு. ஜெயங்கொண்டத்தைச் சுற்றிய கிராமங்களில் பழுப்பு நிலக்கரித் திட்டத்துக்கென்று 1990களில் நிலம் எடுக்கத் தொடங்கினார்கள். இழப்பீடு கேட்டு ஒரு தலைமுறை கோர்ட்டுக்கு அலைந்தது. அனல்மின் நிலையம் எழும்பவில்லை. அந்த நிலத்தின் வரைபடம் அரசு அலுவலகத்தில் இருக்கிறது. எந்த மூலையில் கிணறு, எந்த வரப்பில் முந்திரி மரம், எங்கே குலசாமி என்ற வரைபடம் மனிதர்களின் தலைக்குள் இருக்கிறது. அதை உட்கார்ந்து கேட்டு வரைய, மொழி தெரிந்த, ஊர் தெரிந்த ஓர் ஆள் வேண்டும். ஜக்கார்டு அட்டையைப் படிக்கத் தெரிந்த அப்பா இருக்கும் வீட்டில் அந்த ஆள் இருக்கிறார்.

சரி, இப்போது நம் பக்கம் வருவோம். அதிகாரத்தைப் பற்றி இவ்வளவு எழுதும் நாம், இயக்கத்துக்குப் போஸ்டர் வேண்டும், தொகுப்புக்கு அட்டை வேண்டும் என்றால் யாரிடம் போகிறோம்? இப்படிப்பட்ட மாணவர்களிடம். 'தோழர், ரெண்டு படம் போட்டுக் குடுங்க, நாளைக்கு அச்சுக்குப் போகுது' என்கிறோம். அச்சடித்தவருக்குக் கூலி, தாளுக்குக் காசு, பைண்டிங்குக்குக் காசு. படத்துக்கு மட்டும் தோழமை. மூலப்படம் திரும்பிப் போவதில்லை. அடுத்த பதிப்பிலும் அதே படம், கேட்காமலே.

சட்டம்கூட இவ்வளவு மோசமில்லை. 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவுப்படி, பத்திரிகையில் சம்பளத்துக்கு வேலை செய்யும் ஓவியரின் படத்தை இதழில் வெளியிடும் உரிமைதான் முதலாளிக்கு. வேறு ஒப்பந்தம் இல்லையென்றால் மற்ற உரிமைகள் ஓவியருக்கே. 19ஆம் பிரிவு, உரிமையை எழுதிக் கையெழுத்திட்டுத்தான் மாற்ற முடியும் என்கிறது. காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து வருஷம்தான். 57ஆம் பிரிவு, உரிமையை விற்ற பிறகும் தன் படைப்பு தன்னுடையது என்று சொல்லும் உரிமையைப் படைத்தவருக்கு விட்டுவைக்கிறது. இந்த மூன்று பிரிவுகளையும் ஒரு தாளில் எழுதி அந்த மாணவியிடம் கொடுத்தேன். கல்லூரியில் யாரும் சொன்னதில்லை என்றார்.

அவருக்கு நான் தொழில் வழிகாட்டி இல்லை. இரண்டு கோப்புகளையும் ஒன்றாக அடுக்கி எடுத்துப் போங்கள், தறியோடு அட்டையையும் வரையுங்கள் என்றுதான் சொல்ல முடிந்தது. பதிப்பாளர்களும் இயக்கத் தோழர்களும் செய்யக்கூடியது இதைவிட அதிகம்: படத்துக்குக் கூலியை முன்கூட்டிப் பேசுவது, பெயரை எழுத்தாளர் பெயரின் அளவிலேயே போடுவது, மூலத்தைத் திருப்பித் தருவது, மறுபதிப்புக்குக் கேட்பது. இந்த இதழின் அட்டைக்குப் படம் போட்டவருக்கு எவ்வளவு தந்தோம் என்று ஆசிரியர் குழு அடுத்த இதழில் எழுதினால், விவாதத்தை அங்கிருந்து தொடங்கலாம்.