பெயர் எழுதிய மிட்டாய்

கலியாணத்துக்கு வந்தவர்களிடம் கொடுத்தனுப்புகிற பண்டத்தையும் ஒரு சிறுகதையைப் போல விமர்சனம் செய்யலாம் என்பது என் அபிப்பிராயம். அதற்கும் உருவம் உண்டு. யாரை மனத்தில் வைத்துச் செய்தார்கள் என்ற கேள்வியும் உண்டு.

கீழ்பென்னாத்தூர் மாதிரியான ஊர்களிலும் இப்போது தாம்பூலப் பையோடு ஒரு சின்னப் பெட்டி வருகிறது. உள்ளே இரண்டு சாக்லெட். மேலே மணமக்களின் பெயர், சுற்றிலும் பொன்னிறக் கொடி, நடுவில் இரண்டு இதயங்கள்.

முதலில் குறைகளைச் சொல்லிவிடுகிறேன். கொக்கோ வெண்ணெய் ஏறத்தாழ 34 டிகிரியில் உருகிவிடும். வாயில் போட்டதும் கரைகிற ரகசியம் அதுதான். திருவண்ணாமலைச் சீமையில் வைகாசி மத்தியானம் நிழலிலேயே அதைத் தாண்டும். பெட்டியைத் திறந்தால் மாப்பிள்ளை பெயரில் பாதி, பெண்ணின் பெயரோடு கலந்து கிடக்கிறது. இதைக் கவித்துவம் என்பாரும் உளர். நான் ஊருக்குப் பொருந்தாத உருவம் என்பேன்.

பெயர் போடுவது ஒன்றும் புதுமையல்ல. மஞ்சள் பையில் மணமக்கள் பெயரையும் முகூர்த்தத் தேதியையும் அச்சடித்தவர்கள்தாம் நாம். அந்தப் பை வருஷக்கணக்கில் கத்திரிக்காய் சுமந்தது. தம்பதிக்குப் பிள்ளை பிறந்து பள்ளிக்கூடம் போன பிறகும் எழுத்து மங்கலாகத் தெரியும். பிளாஸ்டிக் வந்து அதை விரட்டியது. 2021 டிசம்பரில் அரசாங்கமே ‘மீண்டும் மஞ்சப்பை’ என்று இயக்கம் தொடங்கி அதை அழைக்க வேண்டியதாயிற்று. சாக்லெட்டில் எழுதிய பெயருக்கோ ஆயுள் ஒரு கடி.

அந்நியப் பண்டம் என்ற ஆட்சேபணையை மட்டும் நான் ஒப்பமாட்டேன். பொள்ளாச்சிப் பக்கத்துத் தென்னந்தோப்புகளில் கொக்கோ ஊடுபயிராக விளைகிறது. பையிலுள்ள தேங்காயும் பெட்டியிலுள்ள சாக்லெட்டும் ஒரே தோப்பில் பிறந்தவையாகக்கூட இருக்கலாம். மல்லாட்டை விளைகிற பூமியில் உள்ளே முந்திரியை வைக்கிறார்களே, அதுதான் எனக்கு வருத்தம்!

இனி நிறைவுக்கு வருகிறேன். அந்த ஊர்க் கலியாணம் ஒன்றில் சந்தனம், குங்குமம், கற்கண்டு வைத்த மேஜையைத் தொடாமல், தூண் ஓரமாக ஒதுங்கி நடந்து உள்ளே வந்தாள் ஒரு கிழவி. பெண்ணுக்குப் பாட்டி முறை. சுமங்கலிகளுக்கு மஞ்சளும் பூவும் வெற்றிலையும் கொடுத்துக்கொண்டு வந்தவர்கள் அவளைத் தாண்டிப் போனார்கள். அவளும் மடியில் கைகளைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பின்னாலேயே பத்து வயதுச் சிறுமி ஒருத்தி சாக்லெட் தட்டோடு வந்தாள். “இந்தாங்க ஆயா” என்று நீட்டினாள். கிழவி கூசாமல் வாங்கிக்கொண்டு, பேத்தியின் பெயரை எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

வெற்றிலைக்கு, யாருக்குக் கொடுக்கலாம், யாருக்குக் கூடாது என்று சாஸ்திரம் இருக்கிறது. சாக்லெட்டுக்கு இன்னும் யாரும் எழுதவில்லை. இதயமும் பொன் கொடியும் எனக்குப் பிடிக்காவிட்டாலும், இந்த ஒரு குணத்துக்காக அதற்குப் பந்தியில் இடம் கொடுப்பேன்.

ஆனால் சில வீடுகளில் அதையும் மஞ்சள் குங்குமத்தோடு ஒரே தட்டில் அடுக்க ஆரம்பித்திருக்கிறார்கள். பார்வைக்கு லட்சணமாகத்தான் இருக்கிறது. தயவு செய்து அதைத் தனித் தட்டிலேயே வையுங்கள்; தட்டைச் சிறுமிகளிடமே கொடுங்கள்.