பழைய இசைத்தட்டும் புதிய விலையும்

கண்டி நகரிலும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலும் பழம்பொருள் விற்கும் கடைகளுள் நுழைவோர், பித்தளை விளக்குக்கும் ஓடாத மணிக்கூட்டுக்கும் இடையே அடுக்கி வைக்கப்பட்டிருக்கும் இசைத்தட்டுகளைக் காணலாம். ஒரு காலத்தில் வீட்டு மூலையை அடைத்துக்கொண்டிருக்கும் குப்பை எனக் கருதப்பட்ட இத்தட்டுகளுக்கு இன்று மதிப்பு வந்திருக்கிறது. ஆசிரியரும் மாணவரும் ஆவலோடு புரட்டிப் பார்க்கின்றனர். விலையைக் கேட்டதும் கையைப் பின்னிழுத்துக் கொள்கின்றனர். கேட்கும் விலைக்கு இவை தகுமா? இக்கேள்வியை இசை ரசனையின் எல்லைக்குள் மட்டும் நின்று ஆராய்ந்தால் விடை கிட்டாது.

முதலில் இவ்விலை எங்கே உருவாகிறது என்பதை நோக்குதல் வேண்டும். அமெரிக்காவில் 2022-ஆம் ஆண்டில், 1987-க்குப் பின்னர் முதன்முறையாக, குறுந்தகடுகளை விட வினைல் தட்டுகள் எண்ணிக்கையில் கூடுதலாக விற்பனையாயின. அங்கே பிறந்த ஆசை இங்கேயும் விலையாக வந்து இறங்குகிறது. அதே ஆண்டில், மார்ச் மாதத் தொடக்கத்தில் டொலர் ஒன்றுக்கு 200 ரூபாய் அளவில் இருந்த நமது நாணயம், மே மாதத்தில் 360 ரூபாய் அளவுக்கு வீழ்ந்தது. கடைக்காரர் மனத்துக்குள் டொலரில் எண்ணுகிறார். வாங்குபவரோ ரூபாயில் சம்பளம் பெறுகிறார். கடைக்காரரை ஏசிப் பயனில்லை; அவரும் கடை வாடகை செலுத்தும் சிறு வணிகரே. ஆயினும் ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒரு தட்டுக்கு 5000 ரூபாய் கேட்கப்படுவதாக வைத்துக்கொண்டால், 2021-இல் வர்த்தமானியில் அறிவிக்கப்பட்ட 1000 ரூபாய் நாட்கூலியின்படி, அது கொழுந்து பறிக்கும் பெண்ணின் ஐந்து நாள் உழைப்பு. கண்டியைச் சுற்றியுள்ள தோட்டங்களில் வாழும் மக்கள் இத்தட்டுகளின் பாடல்களைக் கேட்காதவர்கள் அல்லர். திருவிழா ஒலிபெருக்கியிலும், லயத்தில் ஒருவர் வீட்டில் இருந்த வானொலிப் பெட்டியைச் சூழ்ந்து நின்றும் கேட்டார்கள். 1950-இல் தொடங்கிய இலங்கை வானொலியின் வர்த்தக சேவை அவர்களுக்கு அளித்தது பாட்டை, தட்டை அன்று. தட்டு என்றைக்குமே வசதி படைத்தவரின் உடைமையாக இருந்தது.

இனிப் பொருளின் நிலைமையைப் பார்ப்போம். இசைத்தட்டு வாசிக்க வாசிக்கத் தேய்வது. நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பழைய தட்டு அரக்கினால் ஆனது. சோட்டா நாகபுரிக் காடுகளில் பழங்குடி மக்கள் கிளைகளிலிருந்து சுரண்டிச் சேர்த்த அரக்கு, கல்கத்தாவுக்கு அருகே டம்டம் ஆலையில் பாட்டாக மாறியது. ஒரு பக்கத்தில் மூன்று நிமிடத்துக்குச் சற்று மேல்தான் பாட்டு; உருக்கு ஊசி ஒவ்வொரு முறையும் பள்ளத்தைச் சிறிது அராவியே செல்லும். 1948-இல் அமெரிக்காவில் அறிமுகமான நீண்ட நேர வினைல் தட்டும் மழுங்கிய ஊசிக்குத் தப்புவதில்லை. இவற்றோடு மலைநாட்டு ஈரமும் சேர்ந்துகொள்கிறது. உறையில் பிடிக்கும் பூஞ்சணம் தட்டிலும் படரும். ஆகவே அட்டைப் படத்தின் அழகைப் பார்த்து விலை பேசுவது பேதைமை. தட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்துப் பள்ளங்கள் சாம்பல் பூத்திருக்கின்றனவா எனப் பார்க்க வேண்டும். நடுத்துளையைச் சுற்றி முகப்புத்தாளில் கீறல்கள் மலிந்திருந்தால் அது பலமுறை சுழன்ற தட்டு என்று கொள்ளலாம். வாசித்துக் காட்ட மறுக்கும் கடையில் கேட்கும் விலையில் பாதியும் அதிகம் என்பது என் கருத்து.

தமிழ்த் திரைப்படத் தட்டுகளைப் பொறுத்தவரை என் தீர்ப்பு கடுமையானது. வெற்றி பெற்ற படங்களின் பாடல்கள் மிகுதியாக அச்சிடப்பட்டவை. அவற்றின் ஒலி இன்று எவருக்கும் எளிதில் கிடைக்கிறது. இவற்றுக்குக் கொடுக்கும் பெருவிலை இளமை நினைவுக்குக் கொடுக்கும் விலையேயன்றி இசைக்குக் கொடுக்கும் விலையன்று. தமையனார் பாவலர் வரதராசனோடு பொதுவுடைமைக் கட்சி மேடைகளில் ஊர் ஊராகப் பாடித் திரிந்தவர் இளையராசா. அவருடைய தட்டைப் பிரிக்காத உறையோடு கண்ணாடிப் பேழையில் பூட்டி வைப்போரை நினைக்குந்தோறும் எனக்குச் சிரிப்பு வருகிறது.

ஆனால் எல்லாத் தட்டுகளையும் ஒரே தராசில் நிறுத்தல் தகாது. 1933-இல் இளவயதில் மறைந்த கிட்டப்பாவின் குரல் நமக்கு எஞ்சியிருப்பது 78 தட்டுகளிலேதான். அவற்றின் பிரதிகள் பரவியுள்ளன என்பது உண்மையே. எனினும் ஒவ்வொரு தட்டும் வெவ்வேறு இடத்தில் தேய்ந்திருக்கிறது. தேயாத தட்டு ஒன்று கிடைப்பின், இதுவரை இரைச்சலுக்குள் புதைந்திருந்த ஒரு சங்கதி காதில் விழக்கூடும். அதற்குக் கொடுக்கும் பணம் வீணன்று. ஏ. ஈ. மனோகரன், நித்தி கனகரத்தினம் முதலியோர் வளர்த்த ஈழத்துத் தமிழ்ப் பொப்பிசைக்கும் இது பொருந்தும். திரைப்படத்தின் துணையின்றி, நமது பேச்சுமொழியை நம்பி எழுந்த அப்பாடல்கள் இங்குள்ள சிறிய சந்தைக்கென வெளிவந்தவை.

இத்தகைய தட்டுகள் அருகியது எப்படி? இதைக் கேளாமல் "அரிய பொருள்" என்று மட்டும் சொல்லி விலையேற்றுவது வரலாற்றை மறைப்பதாகும். 1983 யூலை 26-இல் கண்டி நகரின் தமிழர் கடைகள் எரிந்தன. அதற்கு முன்னர், 1964-இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 மலையக மக்களை இந்தியாவுக்கு அனுப்ப வகைசெய்தது. எரிந்தது, விட்டுச் சென்றது, அவசரத்தில் விற்றது ஆகியவற்றுக்குப் பிறகு தப்பியவையே இன்று "அரியவை" ஆகியுள்ளன. அழிவை நடத்தியவர் ஒருவர். அதன் விலையைச் செலுத்துபவர் இழந்தவரின் பேரப்பிள்ளை.

விலை வேறுபாட்டிலும் ஒரு பாடம் உண்டு. தமிழ்த் தட்டுகளைத் தேடிவரும் நம்மவர் சிங்களத் தட்டுகளின் குவியலைத் தொடுவதே இல்லை. றம்பொடையில் கிறித்தவக் கொழும்புச் செட்டிக் குடும்பத்தில் பிறந்த ருக்மணி தேவியும், சேலத்தில் பிறந்த இசுலாமியரான மொகிதீன் பேக்கும் பாடிய பாட்டுகள் அந்தக் குவியலில்தான் கிடக்கின்றன. பௌத்த பக்திப் பாடலுக்குக் குரல் தந்தவர் சேலத்துக்காரர் என்பதை நமது மாணவர் எத்தனை பேர் அறிவர்? இரு இனங்களின் கலையுறவுக்குச் சான்றான இத்தட்டுகளைத்தான் நான் முதலில் வாங்கச் சொல்வேன்.

அவ்வாறு வாங்குவதைத் தனியொருவர் செய்ய வேண்டியதில்லை. ஒரு பாடசாலையின் ஆசிரியர் பத்துப்பேர் சேர்ந்தால் ஒரு தட்டின் விலை பெரிய சுமையன்று. பிரதியெடுத்தபின் தட்டைப் பேராதனைப் பல்கலைக்கழகத்தைப் போன்ற ஒரு நூலகத்திடம் ஒப்படைத்தால், அடுத்த தலைமுறை மாணவரும் அதைக் கேட்கலாம். பிரதியெடுப்போர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: 78 தட்டின் பள்ளம் அகலமானது. நீண்ட நேரத் தட்டுக்குரிய மெல்லிய ஊசியை அதில் வைத்தால் அது பள்ளத்தின் அடியில் உரசி இரைச்சலையே எடுக்கும். ஆதலால் அதற்குரிய ஊசியையும் தட்டோடு சேர்த்தே விசாரிக்க வேண்டும். அதன் விலை வேறு.