வலக்கை

மீனைக் கண்டவுடன் குறியீடு என்று கூவும் பழக்கம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. நதி என்றால் காலம், மீன் என்றால் ஆன்மா. நார்மன் மக்லீனின் 'எ ரிவர் ரன்ஸ் த்ரூ இட்' (1976) என்ற குறுநாவலைப் படித்தவர்களும் அதன் கடைசிப் பக்கத்தை வைத்துக்கொண்டு இப்படித்தான் பேசுகிறார்கள். ராபர்ட் ரெட்ஃபோர்டின் திரைப்படம் (1992) இந்தப் பேச்சை இன்னும் சுலபமாக்கிற்று. என் அபிப்ராயத்தில் அந்தக் கடைசிப் பக்கம்தான் நாவலிலேயே பலவீனமானது. நீரையும் காலத்தையும் சொல்லையும் ஒரே மூச்சில் இணைக்கப் போய், பாதிரியாரின் மகன் பிரசங்க மேடை ஏறிவிடுகிறார். நாவலின் பலம், தூண்டில் வீசுவது எப்படி என்று அவர் சொல்லித்தரும் பக்கங்களில் இருக்கிறது.

மொண்டானாவின் மலைகளுக்கிடையே ஓடும் பிக் பிளாக்ஃபுட் நதி. ஒரு பாதிரியார் தன் இரு பையன்களுக்கு டிரவுட் பிடிக்கக் கற்றுத்தருகிறார். (நீலகிரி ஓடைகளில் வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து விட்ட மீன்தான்.) புழுவைக் குத்திப் போட்டுவிட்டுக் காத்திருக்கிற விவகாரமல்ல இது. இறகும் நூலும் சுற்றிய பொய் ஈக்கு எடை கிடையாது. கனமான தூண்டில் கயிற்றைத்தான் வீச வேண்டும், ஈ அதன் பின்னே போகும். எட்டரை அடி மூங்கில் கோல், எடை நாலரை அவுன்ஸ். கடிகாரத்தின் பத்து மணிக்கும் இரண்டு மணிக்கும் இடையே, நான்கு எண்ணிக்கையில், அது போய்வர வேண்டும். தந்தை மெட்ரோனோம் வைத்துத் தாளம் பழக்குகிறார்.

இளையவன் பால் இதில் தந்தையையும் மிஞ்சியவன். குடி, சீட்டாட்டம், கடன், அடிதடி என்று கரைக்கு வந்தால் அவன் வேறு மனிதன். அண்ணன் உதவ விரும்புகிறான். எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. மீன் பிடிக்கப் போகலாமா என்று மட்டும் கேட்க வருகிறது. எந்த ஈ, எந்தப் பாறை, எந்த நிழல் என்பதில் இருவருக்கும் வார்த்தை தட்டுவதே இல்லை. அதைத் தாண்டியதும் பேச்சு நின்றுவிடுகிறது. தொழில்நுணுக்க வர்ணனை சற்று நீளம் என்று குறைப்படுகிறவர்கள், அந்தக் குடும்பத்திடம் இருந்த ஒரே பாஷை அதுதான் என்பதைக் கவனிக்கவில்லை.

மண்புழு டப்பாவுடன் வரும் மைத்துனன் நீலைப் பற்றி ஆசிரியர் செய்யும் கேலி எனக்கு உவப்பாயில்லை. அவனும் உதவ முடியாதவன்தான். பாலுக்குக் கிடைக்கும் கருணை அவனுக்குக் கிடைக்காததில் ஈ வீசுகிறவனின் சாதி மனோபாவம் தெரிகிறது. (நான் பார்த்த தூண்டில்காரர்கள் எல்லோரும் புழுக்காரர்கள்.)

ஹெமிங்வேயின் 'பிக் டூ-ஹார்ட்டட் ரிவர்' (1925) கதையை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். நிக் கையை நனைத்துக்கொண்டே மீனைத் தொடுகிறான். உலர்ந்த கை பட்ட இடத்தில் பூஞ்சை பிடிக்கும். யுத்தம் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அந்த மௌனம் ஆசிரியர் தேர்ந்துகொண்ட உத்தி. மக்லீனிடம் மௌனம் உத்தியல்ல, ஒரு குடும்பத்தின் இயலாமை. ஹெமிங்வே மறைத்ததை இவர் சொல்லவும் வேண்டியிருக்கிறது.

நிஜத்தில் தம்பி 1938ல் சிகாகோவில் அடித்துக் கொல்லப்பட்டார். நாவல் அந்தச் சாவை மொண்டானாவுக்கே கொண்டுவந்துவிடுகிறது. ஆங்கிலப் பேராசிரியராக இருந்து 1973ல் ஓய்வு பெற்ற அண்ணன், 73ஆவது வயதில் அதை வெளியிட்டார். மரணத்துக்கு ஓரிரு பக்கம்தான். கை எலும்புகள் ஏறக்குறைய எல்லாம் நொறுங்கியிருந்தன என்று மகன் சொல்ல, எந்தக் கை என்று தந்தை கேட்கிறார். வலக்கை. அவ்வளவுதான். பிள்ளை எதிர்த்துப் போராடினானா என்று கேட்கிறாரா, தூண்டில் வீசிய கையா என்று கேட்கிறாரா? மக்லீன் விளக்கவில்லை. விளக்கத் தேவையுமில்லை, அந்த மணிக்கட்டை எத்தனையோ பக்கங்களாகப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். தந்தை அதற்குப் பிறகும் விட்டுவிட்டு அதே விஷயத்துக்குத் திரும்புகிறார், இன்னும் ஏதாவது தெரியுமா என்று. மகனிடம் எலும்புகளைத் தவிர வேறு தகவல் இல்லை.