கயோட்டி பள்ளத்தாக்கை விட்டுவைத்தது சரியா?

2021 நவம்பரில் சான் ஹோசே நகர மன்றம் ஒருமனதாக ஒரு முடிவு எடுத்தது. நகரின் தெற்கு விளிம்பில் இருக்கும் கயோட்டி பள்ளத்தாக்கின் வட பகுதியில் தொழில் வளாகங்களுக்கென்று குறித்து வைத்திருந்த நிலம் இனி விவசாயத்துக்கும் திறந்தவெளிக்கும். நடுப்பகுதியைப் ‘பின்னாளில் நகரமாகும்’ என்று ஒதுக்கி வைத்திருந்த குறிப்பும் ரத்து. சிலிக்கான் பள்ளத்தாக்கின் மிகப் பெரிய நகரம், தன் கையில் மிஞ்சிய பெரிய வெற்றுநிலத்தில் கட்டடமே வேண்டாம் என்று தானே எழுதிக்கொடுப்பது லேசான காரியமில்லை. சம்பளத்தில் பெரும்பங்கை வாடகைக்குக் கொடுத்துவிட்டு அங்கே காலம் தள்ளுகிறவர்கள், நம் ஊர்ப் பிள்ளைகளும் அதில் உண்டு, கேட்பது நியாயம்தான்: வீட்டுக்கு இவ்வளவு பஞ்சம் உள்ள ஊருக்கு இது கட்டுப்படியாகுமா?

சான் ஹோசே நிலத்தைத் தின்று வளர்ந்த ஊர். 1950-ல் டச்சு ஹாமன் நகர மேலாளராக வந்தபோது பரப்பு 17 சதுர மைல், மக்கள் சுமார் 95,000. 1969-ல் அவர் விலகும்போது பரப்பு ஏறக்குறைய எட்டு மடங்கு. பிளம் தோப்பும் ஆப்ரிகாட் தோப்பும் தனிவீட்டு மனைகளாயின. அந்தப் பசி தெற்கே திரும்பியபோது 1980-கள் பிறந்துவிட்டன. கயோட்டி பள்ளத்தாக்கு என்பது இரண்டு மலைத்தொடர்களுக்கு நடுவே, தெற்கே மார்கன் ஹில் என்ற ஊர் வரை நீளும் சுமார் 7,400 ஏக்கர் சமவெளி. முதலில் ஆப்பிள் நிறுவனம் வளாகம் கட்ட ஆசைப்பட்டது. அது காகிதத்தோடு சரி. 2000-ல் சிஸ்கோ 20,000 பேர் வேலை பார்க்கும் வளாகத்துக்கு மன்றத்தின் ஒப்புதலை வாங்கியது. வேலையும் வரியும் உங்களுக்கு, வீடு தேடி வரும் கூட்டம் எங்களுக்கா என்று தெற்கே வெகு தூரத்தில் உள்ள சலினாஸ் நகரம் வழக்குக்கே போனது. இதற்கிடையில் ஒரு வேடிக்கை. பக்கத்தில் மெட்காஃப் மின்நிலையம் வரப்போகிறது என்றதும், எங்கள் வளாகத்தருகே அது கூடாது என்று சிஸ்கோ எதிர்த்தது, நகராட்சியும் சேர்ந்து எதிர்த்தது. 2001-ன் மின்வெட்டு நெருக்கடியில் மின்நிலையத்துக்கு அனுமதி கிடைத்தது. டாட்காம் சரிவில் சிஸ்கோ வளாகம் காணாமல் போனது. பிறகு 25,000 வீடு, 50,000 வேலை என்று ஒரு புதுநகரத் திட்டம் ஆண்டுக்கணக்கில் தீட்டப்பட்டது. 2008-ல் வீட்டுமனைச் சந்தை சரிய, அதற்குப் பணம் போட்டுக்கொண்டிருந்த கட்டுமான நிறுவனங்கள் கையை விரித்தன.

சந்தையே கைவிட்ட நிலத்தைத்தானே நகராட்சி காப்பாற்றியது, இதில் என்ன பெரிய தியாகம் என்று கேட்பவர்கள் உண்டு. அந்த வாதம் எனக்கு ஒப்பவில்லை. பெரிய திட்டங்கள் விழுந்தது பெரும்பாலும் காலக்கோளாறால். மண்ணில் குறை இருந்து அல்ல. பெரியவர்கள் போனபின் சின்னவர்கள் வந்தார்கள். 2010-களின் நடுவில் வடபகுதிக்கு வந்த விண்ணப்பங்கள் சரக்குக் கிடங்குகளுக்கானவை. நெடுஞ்சாலை பக்கம், நிலம் சமம், ஆள் நடமாட்டம் இல்லை. கிடங்குக்காரருக்கு வேறென்ன வேண்டும்? ஆகவே மன்றத்தின் முடிவை எதோடு ஒப்பிடுகிறோம் என்பதில் கவனம் வேண்டும். ஒரு தட்டில் திறந்தவெளியை வைத்தால், மறு தட்டில் இருந்தது ஆப்பிள் வளாகமும் இல்லை, 25,000 வீடும் இல்லை. ஏக்கர் கணக்கில் தகரக் கூரையும் லாரி நிற்கும் தளமும்தான். அவை தரும் வேலை ஏக்கருக்கு மிகச் சொற்பம்.

நிலத்தைக் காப்பதற்கு அதிகாரிகள் அழுத்திச் சொன்ன காரணம் வெள்ளம். 2017 பிப்ரவரியில் மேலே ஆண்டர்சன் நீர்த்தேக்கம் நிரம்பி வழிந்தது. கயோட்டி ஓடை கரை கடந்து சான் ஹோசேக்குள் புகுந்தது. சுமார் 14,000 பேர் வீட்டை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று. எச்சரிக்கை சரியாக வந்து சேரவில்லை என்ற கோபம் எளிதில் ஆறவில்லை. மறு ஆண்டே வாக்காளர்கள் ‘மெஷர் டி’ என்ற 65 கோடி டாலர் கடன்பத்திரத்துக்குச் சம்மதித்தார்கள். பெரும்பங்கு சாலை, பாலம், தீயணைப்புக்கு. வெள்ளத்தையும் நீர் மாசையும் தடுப்பதற்கு நிலம் வாங்க 5 கோடி வரை இடம் இருந்தது. 2019 நவம்பரில் அந்தப் பணத்தோடு பெனின்சுலா திறந்தவெளி அறக்கட்டளையும் மாவட்டத் திறந்தவெளி ஆணையமும் கைகோத்து, வட பள்ளத்தாக்கில் 937 ஏக்கரை சுமார் 9.35 கோடி டாலருக்குக் கிரயம் செய்தன. ஏறத்தாழ பாதிப் பணம் அறக்கட்டளையுடையது.

வெள்ளக் கணக்கைக் கொஞ்சம் போட்டுப் பார்ப்போம். ஒரு ஏக்கரில் ஓர் அடி உயரம் நிற்கும் நீர் ஓர் ஏக்கர்-அடி. 937 ஏக்கர் முழுவதிலும் இரண்டடி நீரை நிறுத்தினாலும் 1,874 ஏக்கர்-அடிதான். ஆண்டர்சனின் கொள்ளளவு சுமார் 90,000. அதாவது இரண்டு சதவீதம். தாராளமாக நான்கடி என்று வைத்தாலும் நான்கு சதவீதம். 2017-ல் வழிந்தது அணைநீர். அதை இந்தத் தாழ்நிலம் அடக்கியிருக்கும் என்று சொல்ல வழியில்லை. நியாயத்துக்கு ஒன்று சொல்லவேண்டும்: பள்ளத்தாக்கின் குறுக்கே வரும் ஃபிஷர் ஓடை, அணைக்குக் கீழேதான் கயோட்டி ஓடையில் கலக்கிறது. லகூனா செக்கா என்ற பழைய பருவகால ஏரித்தாழ்வில் அந்த ஓடையின் நீரைப் பரவவிட்டால் உச்சவெள்ளம் சற்றுத் தணியும். நிலத்தைத் தாரும் காங்கிரீட்டும் போட்டு மூடியிருந்தால் நிலைமை மோசமாகும் என்பதும் உண்மை. ஆனால் கெடாமல் காப்பது வேறு, காப்பாற்றுவது வேறு. கடன்பத்திரத்தில் வெள்ளம் என்ற தலைப்பு இருந்தது, மக்கள் மனத்தில் வெள்ளத்தின் ஈரம் இருந்தது. ஆகவே வெள்ளம் மேடையின் முன்வரிசைக்கு வந்தது என்பது என் ஊகம்.

உண்மையில் கனமான காரணம் அதே தலைப்பின் இரண்டாம் பாதியில் இருந்தது: நீர் மாசு. இதை மன்றம் இன்னும் உரக்கச் சொல்லியிருக்கலாம்.

சான் ஹோசே நகரம் நிலத்தடி நீரை உறிஞ்சி உறிஞ்சித் தாழ்ந்துபோன ஊர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து 1969 வரை நகர மையம் சுமார் 13 அடி கீழே இறங்கியது. வெளியிலிருந்து நீர் கொண்டுவந்து, நிலத்தடியை நிரப்பிய பிறகுதான் அது நின்றது. அந்த நிலத்தடி நீருக்கு ஊட்டம் தரும் இடங்களில் ஒன்று கயோட்டி பள்ளத்தாக்கு. நகரத்தின் பெரும்பகுதியில் மேல்மண்ணுக்கும் ஆழத்து நீருக்கும் இடையே களிமண் அடுக்கு மூடிபோல் கிடக்கிறது. கயோட்டியில் பெரும்பாலும் அந்த மூடி இல்லை. சரளையும் மணலும், நீர்மட்டமும் ஆழமில்லை. மேலே விழுவது நேராகக் கீழே போகும், கீழே போனது மெல்ல வடக்கே நகர்ந்து நகரின் நீரோடு சேரும்.

மேலே எது விழலாம் என்பதற்கு அந்தப் பக்கத்திலேயே சாட்சி உண்டு. தெற்கு சான் ஹோசேயில் ஃபேர்சைல்டு நிறுவனத்தின் சிப் தொழிற்சாலையில் மண்ணுக்கடியில் இருந்த கரைப்பான் தொட்டி கசிந்து, அருகிலிருந்த குடிநீர்க் கிணற்றில் கலந்தது 1981-ன் கடைசியில் தெரியவந்தது. புகைபோக்கி இல்லாத, புல்வெளி வைத்த, ‘சுத்தமான’ தொழில் என்று பெருமையாகச் சொல்லி அழைத்துவந்த தொழில் அது. தோண்டத் தோண்ட இன்னும் பல கசிவுகள் தெரிந்தன. சான் ஹோசே அடங்கிய சாந்தா கிளாரா மாவட்டத்தில் மத்திய அரசின் நச்சுமாசுப் பட்டியலில் ஏறிய இடங்கள் 23. கிடங்குக்கும் சிப் ஆலைக்கும் வேறுபாடு உண்டு என்று வாதிடலாம். தொழில்நிலம் என்று ஒருமுறை குறித்துவிட்டால், இன்றைக்குக் கிடங்கு, நாளைக்கு என்ன என்பது நகராட்சியின் கையில் முழுதாக இல்லை என்பதே என் பதில். மூடி இல்லாத நீர்நிலையின் மேல் அந்தச் சூதாட்டம் தேவையில்லை.

விலங்குகளின் வழித்தடம் என்ற காரணம் இந்த இரண்டுக்கும் இடையில் நிற்கிறது. மேற்கே சாந்தா குரூஸ் மலைகள், கிழக்கே டயாப்லோ தொடர். இரண்டும் நெருங்கி வரும் இடங்களில் ஒன்று இதுதான். சாந்தா குரூஸ் மலைகளில் உள்ள பூமாக்களின் மரபணு வேறுபாடு குறைவாக இருப்பதை ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். அவற்றுக்கு அந்தப் பக்கத்து உறவு வேண்டும். இது திடமான காரணம். ஆனால் நிலத்தை வாங்கியதாலேயே வழி திறந்துவிடாது. பள்ளத்தாக்கின் நீளத்துக்கு மான்டெரே சாலை ஓடுகிறது. நடுவே காங்கிரீட் தடுப்பு. பாதி சாலை கடந்த காட்டுப்பூனை அந்தத் தடுப்பின் அடியில் திகைத்து நிற்கும், அடுத்த வண்டி வரும். அதற்கு அப்பால் 101 நெடுஞ்சாலை. இவற்றில் கடவுப்பாதை அமைக்காமல் வழித்தடம் என்று பேசுவது பாதிப் பேச்சு.

இயற்கையை அப்படியே விட்டால் போதும் என்று நினைப்பவர்கள் கிழக்கே உள்ள கயோட்டி மேட்டைப் பார்க்கவேண்டும். அங்கே பாம்புக்கல் மண். சத்து குறைந்த மண், அதனால் பொதுப்புல் வளராது, சின்னச்சின்ன உள்ளூர்ச் செடிகள் பிழைத்துக்கொள்ளும். அந்தச் செடிகளை நம்பி பே செக்கர்ஸ்பாட் என்ற அரிய பட்டாம்பூச்சி வாழ்கிறது. நெடுஞ்சாலை வண்டிகளின் புகையில் வரும் நைட்ரஜன் அந்த ஏழை மண்ணுக்கு உரமாகிறது. அயல்புல் மண்டுகிறது, செடி மூடுகிறது. மாடு மேய்ந்தால் புல் அடங்கும், பட்டாம்பூச்சி தப்பும். பாதுகாப்பு என்று சொல்லி மாட்டை வெளியேற்றிய இடங்களில் பட்டாம்பூச்சியும் அழிந்தது. திறந்தவெளி என்றால் வேலி போட்டுவிட்டு வீட்டுக்குப் போவதல்ல. ஆண்டுதோறும் ஆளும் பணமும் கேட்கும் வேலை.

இனி எதிர்வாதத்தில் வலுவானது: வீடு. வடபகுதியில் 2021-க்கு முன்பும் வீடு கட்ட அனுமதி இல்லை. தொழில் மட்டும்தான். வீட்டு வரியைவிடத் தொழில் வரி லாபம் என்ற கணக்கில், 1978-ன் 13-ஆம் முன்மொழிவு சொத்துவரிக்கு உச்சவரம்பு போட்ட நாள் முதல், கலிஃபோர்னிய நகராட்சிகள் பல வேலையைத் துரத்தி வீட்டைத் தள்ளிவிட்டவைதான். ஆகவே இந்த முடிவால் வடக்கில் ஒரு வீடும் குறையவில்லை. நடுப்பகுதியில் குறைந்திருக்கலாம். ஆனால் அங்கே வீடு என்றால் நகர மையத்திலிருந்து பதினைந்து மைல் தள்ளி, பெரும்பாலும் காரில்தான் போகக்கூடிய வீடு. குழாய், சாக்கடை, பள்ளி, தீயணைப்பு எல்லாம் புதிதாகப் போட வேண்டும்.

வளர்ச்சியை நகரத்துக்குள்ளே திருப்புவோம் என்பதுதான் மன்றத்தின் மறுமொழி. சரியான மறுமொழி. சான் ஹோசேயில் குடியிருப்புக்கென்று குறித்த நிலத்தில் 94 சதவீதம் தனிவீட்டுக்கு மட்டும் என்று பூட்டப்பட்டிருந்தது. அதைத் திறந்தால் கயோட்டியைப் போலப் பல பள்ளத்தாக்கு கிடைக்கும். ஆனால் மறுமாதம், 2021 டிசம்பரில், அதே மன்றத்தின் முன் அந்த வாய்ப்பு வந்தது. தனிவீட்டு மனைகளில் நான்கு வீடு வரை அனுமதிக்கலாமா என்ற யோசனை. வீட்டு உரிமையாளர்களின் எதிர்ப்பு பலமாக இருந்தது. மாநிலத்தின் எஸ்.பி. 9 சட்டம் கட்டாயப்படுத்துவதோடு நிறுத்திக்கொள்வோம் என்று மன்றம் அதைக் கைவிட்டது. நவம்பரில் ஊருக்கு வெளியே கட்டமாட்டோம், டிசம்பரில் ஊருக்குள்ளும் பெரிதாகக் கட்டமாட்டோம். என் கண்ணில் சான் ஹோசேயின் குற்றம் இந்த டிசம்பர் முடிவுதான். அதற்காக நவம்பர் முடிவைத் தவறு என்று சொல்வது, மருந்து சாப்பிடாதவனின் நோய்க்குப் பத்தியத்தைக் குறைசொல்வது.

ஆகவே வடபகுதியைப் பொறுத்தவரை என் தீர்ப்பு மன்றத்துக்குச் சாதகம்: நிலத்தடி நீருக்காக முழுமனதோடு, வழித்தடத்துக்காக நிபந்தனையோடு, வெள்ளத்துக்காக அல்ல.

நடுப்பகுதி அப்படியல்ல. வடக்கே நிலம் வைத்திருந்த இரண்டு பெரிய நிறுவனங்களுக்கு ஏக்கருக்கு ஏறக்குறைய ஒரு லட்சம் டாலர் கிடைத்தது. நடுவே சிறிய பண்ணைகளையும் பழைய வீடுகளையும் தலைமுறையாக வைத்திருந்த குடும்பங்களுக்குக் கிடைத்தது வரைபடத்தில் கோடு ஒன்று அழிந்த செய்தி மட்டும். சட்டப்படி அவர்களிடமிருந்து எதுவும் பறிக்கப்படவில்லை. அவர்களுடைய நிலம் அன்றும் விவசாயம், இன்றும் விவசாயம். போனது எதிர்பார்ப்புதான். எதிர்பார்ப்புக்கு இழப்பீடு கிடையாது என்று அமெரிக்க நீதிமன்றங்கள் பொதுவாகச் சொல்லும். ஆனால் அந்த எதிர்பார்ப்பை வளர்த்தது நகராட்சியே: ‘பின்னாளில் நகரமாகும்’ என்று வரைபடத்தில் எழுதி, நாளை வரப்போகிற நகரத்துக்காக இன்றைய பண்ணையில் முதலீடு செய்யத் தயங்க வைத்தது. கட்டும் உரிமையை வேறிடத்துக்கு விற்கும் வரவுச்சீட்டு முறை போன்ற யோசனைகள் பேசப்பட்டன. அந்த முறை நடக்க வேண்டுமென்றால் அந்தச் சீட்டை வாங்க நகரத்துக்குள் ஒருவர் வேண்டும். கூடுதல் மாடி கட்ட அந்தச் சீட்டு அவசியம் என்ற நிலை இருந்தால்தான் அவர் வாங்குவார். தனிவீட்டுப் பூட்டைத் திறக்க மறுத்த மன்றம் அந்தச் சந்தையையும் சேர்த்தே சுருக்கிவிட்டது. டிசம்பர் யோசனையை மறுபடி எடுத்து, கூடுதல் வீடு கட்டுவோர் கயோட்டிச் சிறுநிலக்காரரின் சீட்டை வாங்க வேண்டும் என்று இரண்டையும் ஒரே சட்டத்தில் கட்டினால், வாடகைக்காரருக்கும் பண்ணைக்காரருக்கும் உள்ள பாக்கி ஒரே கையெழுத்தில் குறையத் தொடங்கும்.